அம்மா எழுதிய பீட்டா துகள்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் அம்மா பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதினாள். கல்யாணம் நிச்சயமான வருஷம் இயற்பியலில் மட்டும் தவறியவள். நான் பிறந்து, தம்பி பிறந்து, அவனும் பால்வாடிக்குப் போகத் தொடங்கிய பிறகு பழைய புத்தகத்தைத் தேடி எடுத்தாள். பழைய பாடத்திட்டத்தில் தவறியவர்களுக்கு அதுதான் கடைசி வாய்ப்பாம். பாஸானால் டீச்சர் டிரெயினிங் சேரலாம்.

நைனா மினி லாரி ஓட்டினார். வல்லம் பக்கமிருந்து மல்லாட்டை எனும் வேர்க்கடலை மூட்டைகளை ஏற்றி வந்து செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் இறக்குவார். "எழுதறதுன்னா எழுது. சோறு மட்டும் நேரத்துக்கு வந்துடணும்" என்பதோடு அவருடைய கல்விக் கொள்கை முடிந்துவிட்டது.

சாயங்காலங்களில் விதைக்கு மல்லாட்டை உரித்தபடியே அம்மா படிப்பாள். புத்தகம் என் மடியில் இருக்கும். அதில் அணுக்கரு வினைகள் என்று ஒரு பகுதி. ஓர் அணு வேறொன்றாக மாறும்போது ஒரு துகள் வெளியேறும்; அது எதுவென்று கண்டுபிடிக்க வேண்டும். ரேடியத்துக்கு மேலே 226, கீழே 88. அது மாறி வரும் ரேடானுக்கு மேலே 222, கீழே 86. அம்புக்குறிக்கு இரண்டு பக்கமும் மேல் எண்களின் கூட்டுத்தொகை ஒன்றாக இருக்க வேண்டும். கீழ் எண்களும் அப்படியே. மேலே நான்கு குறைகிறது, கீழே இரண்டு. ஆக, போனது ஆல்பா துகள். எனக்கு இது வெறும் கழித்தல். அம்மாவுக்கு முன்பே சொல்லிவிடுவேன். பன்னிரண்டாம் வகுப்பு இவ்வளவுதானா என்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பிறகு தோரியம் வந்தது. மேலே 234, கீழே 90. மாறிய பின்பும் மேலே அதே 234. கீழே மட்டும் 91. ஒன்று வெளியே போன பிறகு எண் எப்படி ஏறும்?

"புக்கு தப்பும்மா."

"தப்பில்ல. போனது பீட்டா துகள். அதுக்குக் கீழ மைனஸ் ஒண்ணு. தொண்ணூத்தி ஒண்ணோட அதச் சேத்தா தொண்ணூறு."

"மைனஸ் ஒண்ணுன்னா?"

"ஒண்ணுமில்லாததுக்கும் ஒண்ணு கீழ."

அப்படி ஓர் எண் இருக்கவே முடியாது என்று வாதாடினேன். அம்மா மல்லாட்டைகளை வைத்து விளக்கப் பார்த்தாள். முடியவில்லை. கடைசியில் இருவருமாக அவற்றைத் தின்றுவிட்டோம்.

பரீட்சை அன்று நைனா எங்கள் இருவரையும் லாரியில் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கினார். ராஜகிரி மலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. இருப்பதில் நல்ல புடவையைக் கட்டியிருந்த அம்மாவைக் கேட்டில் நின்றவர் கையை நீட்டி மறித்தார்.

"பேரன்ட்ஸ்லாம் வெளிய நில்லுங்கம்மா. பசங்க மட்டும்தான் உள்ள."

அம்மா ஹால் டிக்கெட்டை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு மற்ற அம்மாக்களோடு சுவரோரம் வந்து நின்றாள். சீருடைப் பெண் ஒருத்தி, "ஆன்ட்டி, இதக் கொஞ்சம் புடிங்க" என்று தண்ணீர் பாட்டிலை அவளிடம் கொடுத்துவிட்டு ஷூ லேஸைக் கட்டினாள். பாட்டிலை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். மணி அடித்தது.

"வா பாப்பா, வூட்டுக்குப் போலாம்."

எனக்குக் கோபம் வந்தது. "நீ போயி அந்தத் தோரியம் கணக்கு தப்புன்னு எழுதிட்டு வா. இல்லாட்டி எல்லாரும் தப்பாவே படிப்பாங்க."

அம்மா என்னையே பார்த்தாள். அதற்குள் நைனா லாரியிலிருந்து இறங்கி வந்து, "சார், பரிச்ச எழுதறவங்களே இவங்கதான். உள்ள வுடுங்க" என்றார். அம்மாவை அவர் 'ங்க' போட்டுச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

அம்மா உள்ளே போனாள். பெரிய மார்க் இல்லை, பாஸானாள். இப்போது மேல்சித்தாமூர் பக்கம் ஒரு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கழித்தல் சொல்லிக்கொடுக்கிறாள்.

அன்று பரீட்சை முடிந்து அவள் வெளியே வந்ததும் நான் கேட்டது ஒன்றுதான்: தப்பென்று எழுதினாயா?

"அந்தக் கேள்வி வந்துச்சு. மைனஸ் ஒண்ணுன்னுதான் எழுதினேன்."

பயந்துவிட்டாள் என்று முடிவுகட்டினேன். கணக்குக்குப் பயந்துதான் கேட்டிலிருந்து திரும்பிப் போகப் பார்த்திருக்கிறாள். லாரியில் இருவருக்கும் நடுவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு நேர் வழி இருக்கும்போது நைனா ஏன் நெரிசலான கடைத்தெருவுக்குள் வண்டியைத் திருப்பி, தெரிந்தவர்களுக்கெல்லாம் ஹாரன் அடித்தபடி அவ்வளவு மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார் என்று எனக்குப் புரியவேயில்லை.