டீக்கடை டிவியில் அடிக்கிற போலீஸ்

இன்று காலை லாரியைப் பெயிண்ட் பட்டறையில் விட்டுவிட்டு, நானும் எங்கள் டிரைவர் முருகேசனும் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம்.

டிவியில் ஏதோ சீரியல். இன்ஸ்பெக்டர் ஒரு ஆளைச் சுவரோடு சாய்த்து வெளுத்துக்கொண்டிருந்தார்.

“முந்தியெல்லாம் நாடகத்துல எல்லாம் முடிஞ்ச பொறகுதான் போலீஸ் தொப்பையத் தூக்கிக்கிட்டு வருமுங்க. இப்பப் பாருங்க, நாலு போட்டதும் உண்மையக் கக்க வெச்சுடறாங்க” என்றேன்.

கடையே சிரித்தது.

முருகேசன் சிரிக்கவில்லை. டீ கிளாஸைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: “அடிச்சா உண்மைதான் வரும்னு இல்லீங்ணா. அன்னிக்கு நானும் ‘நாந்தான் எடுத்தேன்’னு சொன்னனுங்களே.”

போன வருஷம் லாரித் தார்ப்பாய் காணாமல் போனபோது அவர்மேல் புகார் கொடுத்தவன் நான். “ரெண்டு தட்டு தட்டுங்க சார், சொல்லிருவான்” என்று ஸ்டேஷனில் சொன்னதும் நான்தான். சீரியலில் கேட்ட வசனம்.

அவர் ஒப்புக்கொண்ட நாலாம் நாள், கிழிசல் தைக்கக் கொடுத்த கடையிலேயே தார்ப்பாய் கிடைத்தது. கொடுத்துவிட்டு மறந்தவனும் நானே.

அவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

இன்றும் ரிமோட்டை வாங்கி சேனலை மாற்றியதோடு சரி.

மன்னிப்புக் கேட்கிற வசனம் ஏதாவது சீரியலில் வந்தால் சொல்லுங்கள். அதையும் எனக்கு டிவிதான் சொல்லிக்கொடுக்க வேண்டும் போலிருக்கிறது.