போர்த்துக்கல் பாட்டுக்குத் திலகவதி போட்ட புள்ளி

பாட்டுப் போட்டி என்றால் திலகவதிக்குச் சோறு தண்ணி வேண்டாம். சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, டொரொண்டோவின் பார்க்டேல் பகுதியில் அவளுடைய ஆறாம் மாடி அப்பார்ட்மென்ட் கதவைத் தட்டிப் பாருங்கள், திறக்கமாட்டாள். ரேடியோவை ஜன்னலோரம் வைத்து, அதன் கம்பியைத் திரைச்சீலைத் தடியில் சுற்றிவிட்டு, காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பாள். ஐரோப்பாவிலிருந்து சிற்றலையில் வரும் நிலையம் ஒன்று மார்கழி தொடங்கி வைகாசி வரைக்கும் அந்தப் போட்டியை நடத்தியது. இருபது நாடு, இருபது பாட்டு. கிழமைக்கு ஒரு பாட்டாகச் சனிக்கிழமைகளில் போடுவார்கள். பிறகு, உலகம் முழுவதிலுமிருந்து ரசிகர்கள் எழுதியனுப்பிய அபிப்பிராயங்களைப் பெயரோடும் ஊரோடும் வாசிப்பார்கள்.

பாட்டைவிட அவளுக்கு அந்த அபிப்பிராயங்கள்தான் உயிர். பின்லாந்துப் பாட்டைக் கேட்ட நாளிலிருந்து தன் மாடுகள் ஒழுங்காகப் பால் தருவதில்லை என்று நியூசிலாந்துக்காரர் ஒருவர் முறைப்பாடு எழுதினார். கானாவிலிருந்து ஒரு வாத்தியார், அதே பாட்டைத் தன்னுடைய செத்த வீட்டில் போடும்படி மனைவியிடம் சொல்லிவைத்திருப்பதாக எழுதினார். திலகவதி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஆனால் அவள் எழுதக்கூடாது. அது புருஷன் தவராசா போட்ட சட்டம். இருவரும் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி நாலு வருடம். தவராசாவின் சாதிக்காரரை அவளுடைய வீட்டில் முற்றத்தோடு நிறுத்திவிடுவார்கள். அவனைத்தான் அவள் கட்டிக்கொண்டு முதலில் லண்டனுக்கும் பிறகு டொரொண்டோவுக்கும் வந்தாள். "எந்தத் தேசத்திலை ஒளிச்சாலும் உவனைத் தேடிப் பிடிச்சு வெட்டுவன்," என்று அவளுடைய அண்ணன் கல்யாணசுந்தரம் நாலு பேர் கேட்கச் சத்தியம் பண்ணியிருந்தான். வாய்ப்பேச்சுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவன். அவனும் ரேடியோப் பைத்தியம்.

"நீர் ரேடியோவைக் கேளும், நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. காயிதம் மட்டும் எழுதாதையும்," என்று தவராசா கெஞ்சாத குறையாகச் சொல்லியிருந்தான்.

"எழுதமாட்டனப்பா, சத்தியமா," என்றாள் அவளும்.

எழுபத்தாறாம் ஆண்டு தை மாதம் போர்த்துக்கல் பாட்டு வந்தது. உலகமே அதைத் தூக்கிவைத்து ஆடியது. திலகவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளிடம் ஒரு தனிக் கணக்கு உண்டு. பாடுபவர் எங்கெங்கே மூச்சு எடுக்கிறார் என்று எண்ணுவாள். சொல்லை முறித்து மூச்சு எடுத்தால் ஓர் இடத்துக்கு ஒரு புள்ளி குறைப்பாள். சின்ன வயதில் வீட்டு ரேடியோவுக்கு முன்னால் கொப்பியும் பென்சிலுமாக இருந்து அவளும் அண்ணனும் கண்டுபிடித்த விளையாட்டு அது. வேறொருவருக்கும் அது தெரியாது. இது தெரிந்தும், பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைத்தாளே, அந்த மூளையை என்ன சொல்ல! 'ரீட்டா பெர்னாண்டோ, டொரொண்டோ' என்று கையெழுத்து வைத்து எழுதினாள்: 'பாட்டுக்காரி எட்டு இடத்தில் மூச்சுக்காகச் சொல்லை முறிக்கிறாள். பத்துக்கு இரண்டு.'

மூன்று கிழமை கழித்து அதை வாசித்தார்கள். திலகவதி அகப்பையும் கையுமாகக் குசினிக்குள் ஆடினாள். வேலையால் வந்த தவராசா, "என்னப்பா, முகமெல்லாம் சிரிப்பாயிருக்கு?" என்று கேட்டான்.

"சும்மா," என்றாள்.

மாசி மாதக் கடைசிச் சனிக்கிழமை அறிவிப்பாளர் வாசித்தார்: "யாழ்ப்பாணத்திலிருந்து கே. சுந்தரம் எழுதுகிறார். டொரொண்டோப் பெண் பிழையாக எண்ணிவிட்டார். ஒன்பது இடத்தில் சொல் முறிகிறது. சிறுவயதிலும் அவர் இப்படித்தான் ஒன்றைத் தவறவிடுவார்."

அறிவிப்பாளர் இதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். திலகவதிக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. ரேடியோவை நிறுத்திவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

அன்றைக்கே தவராசாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் கத்தமாட்டான், கை நீட்டமாட்டான். பேசாமல் பெட்டியை எடுத்து அடுக்கத் தொடங்கிவிடுவான். இன்னுமொரு ஊர், இன்னுமொரு வேலை, முதலிலிருந்து எல்லாம். இப்போதுதான் அந்த மனுஷன் இரவில் திடுக்கிட்டு எழும்பாமல் நித்திரை கொள்கிறான். அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை பார்ப்போம் என்று விட்டாள்.

பங்குனியில் கே. சுந்தரம் லண்டனிலிருந்து எழுதினார்: 'இத்தாலிப் பாட்டுக்கு ஆறு புள்ளி. டொரொண்டோப் பெண் ஏன் இப்போது மௌனம்?'

சித்திரையில் மொன்றியலிலிருந்து: 'நோர்வேப் பாட்டுக்கு ஏழு. இங்கே இன்னும் பனி கரையவில்லை.'

அன்று பின்னேரம் தவராசா சாப்பிடும்போது திலகவதி முன்னால் வந்து நின்றாள். "இஞ்சேருங்கோ, உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும்."

"சொல்லுமன்."

அவன் முகத்தைப் பார்த்தாள். "கோதுமை மா முடிஞ்சுபோச்சு," என்றாள்.

"உதுக்கோ இவ்வளவு பாடு? நாளைக்கு வாங்கியாறன்," என்று அவன் சிரித்தான்.

வைகாசி முதல் சனிக்கிழமை தவராசா பக்டரிக்கு ஓவர்டைம் செய்யப் போயிருந்தான். மூன்றரை மணிக்கு ரேடியோ சொன்னது: "கனடா, ஒஷாவாவிலிருந்து கே. சுந்தரம்."

ஒஷாவா காரில் ஒரு மணித்தியால ஓட்டம். அவள் கதவைப் பூட்டிவிட்டு வந்து கதிரையில் இருந்தாள். நாளைக்கோ மறுநாளோ வந்துவிடுவான், இன்று பின்னேரம் எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவள் போட்ட காயிதம் கடல் கடந்து போய் வாசிக்கப்பட மூன்று கிழமை எடுத்தது. இதுவும் அப்படித்தானே வந்திருக்கும்? லண்டன், மொன்றியல், ஒஷாவா என்று அவள் கேட்டதெல்லாம் அண்ணன் இருந்துவிட்டுப் போன இடங்கள். மூன்று கிழமையாக அவன் எங்கே இருக்கிறான்? அந்த நாளில் டொரொண்டோவில் இருந்த தமிழரே கொஞ்சப் பேர். மிளகாய்த்தூள் விற்கும் கடையில் ஒரு தரம் விசாரித்தால் யார் எந்த பக்டரி என்று கடகடவென்று சொல்லிவிடுவார்கள்.

டெலிபோனை எடுத்து பக்டரி இலக்கத்தைச் சுழற்றினாள். போர்மன் எடுத்தார்.

"தவராசாவா? அவர் காலை பத்து மணிக்கே போய்விட்டாரே," என்றார். "உங்கள் சொந்தக்காரர் ஒருவர் வந்தார். நீங்கள் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னார். உள்ளே வரவில்லை, காரோடு வாசலில் நிற்கிறேன், தவராசாவை உடனே அனுப்புங்கள் என்றார். நான் போய்ச் சொன்னதும் பாவம், அந்த மனிதர் கோட்டைக்கூட எடுக்காமல் ஓடினார்."

சுவர் மணிக்கூட்டில் நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. விடிந்ததிலிருந்து அவள் வீட்டில்தான் இருந்தாள். ஒருவரும் வரவில்லை. ஒரு சனிக்கிழமை, ஒரேயொரு சனிக்கிழமை அவள் வாயைத் திறந்து சொல்லியிருந்தால், சொந்தக்காரர் என்ற சொல்லைக் கேட்டதுமே தவராசா பின்கதவால் ஓடியிருப்பான். ஐயோ, அவனை வாசலுக்கு அனுப்பியது தானேதான் என்று அவளுக்கு நெஞ்சு வெடித்தது.

"மிஸஸ்?" என்றார் போர்மன். நல்ல மனிதர். "இப்போது உங்களுக்குச் சுகமாகிவிட்டதா?"