பதினொரு கையெழுத்து

எங்கள் துணைவேந்தர் அன்புக்கரசி யாரையும் அதட்டிப் பேசியதில்லை. அதனாலேயே எல்லோருக்கும் அவரிடம் பயம். வால்பாறை எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து, குரூப் ஒன் எழுதி, துணை ஆட்சியராக நுழைந்து, அரசுச் செயலாளராக ஓய்வு பெற்றவர். அதன் பிறகுதான் கோவையில் இந்தத் தனியார் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தது. நான் அப்துல் முத்தலிப், அவருடைய நேர்முக உதவியாளன். சொந்த ஊர் உக்கடம். கோள் சொல்கிறேன் என்று நினைத்தாலும் சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கோப்பைக் கொல்ல அரசாங்கத்தில் ஒரு வழி உண்டு. 'முடியாது' என்று எழுதினால் காரணம் கேட்பார்கள், கோர்ட்டுக்குப் போவார்கள். 'பேசுக' என்று எழுதிவிட்டுக் கடைசிவரை பேசக் கூப்பிடாமல் இருந்தால் போதும், கோப்பு தானாகச் செத்துவிடும். மேடம் இங்கு வந்த பிறகு அந்த வார்த்தையை ஒரே ஒரு கோப்பில்தான் எழுதினார். அது பேராசிரியர் ரங்கராஜின் பணி நீட்டிப்புக் கோப்பு.

ரங்கராஜுக்கு அறுபத்தொன்பது வயது. அரசுக் கல்லூரியில் ஓய்வு பெற்றதும் இங்கே வந்து ஒட்டிக்கொண்டவர். முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் மேடத்தின் ஆய்வு நெறியாளர் அவர்தான். எழுதி முடித்த ஆய்வேட்டில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் மேற்கொண்டு அனுப்ப முடியும். ஒன்றரை வருடம் அந்த மனிதர் போடவில்லை. வாராவாரம் மேடம் நாற்பது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, வழியில் வாந்தி எடுத்து, பஸ் ஸ்டாண்டில் முகம் கழுவிக்கொண்டு போய் நிற்பாராம். "அடுத்த வாரம் வாங்க அம்மணி" என்பாராம் அவர். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. உதவித்தொகை நின்றது. ஆய்வேட்டைத் தகரப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் மேடம் குரூப் ஒன் புத்தகத்தை எடுத்தார்.

"அவர் வந்தா என்ன சொல்லோணுமுங்க மேடம்?" என்று கேட்டேன்.

"அடுத்த வாரம் வரச் சொல்லுங்க. மரியாதையா சொல்லுங்க."

எட்டு வாரம் சொன்னேன். எனக்கு மனசு உறுத்தவில்லை, இனித்தது.

ஒன்பதாவது வாரம் மேடமே அவரை உள்ளே விடச் சொன்னார்.

"என்னைத் தெரியுதுங்களா சார்?"

"தெரியாமங்களா? துணைவேந்தருங்க."

"அதுக்கு முந்தி. வால்பாறை அன்புக்கரசி. உங்ககிட்டத்தான் ஆய்வு செஞ்சேன்."

அவர் யோசித்தார். நடிப்பில்லை, உண்மையாகவே யோசித்தார். "எத்தனையோ பேரு வந்தாங்க, போனாங்க. ஞாபகம் இல்லீங்க மேடம்."

முப்பத்திரண்டு வருடமாக மேடம் வளர்த்த வஞ்சம். அந்த ஆளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

மேடம் குரலை உயர்த்தவில்லை. "இப்ப எத்தனை பேரோட ஆய்வேடு உங்க கையெழுத்துக்கு நிக்குதுங்க?"

"பதினொண்ணுங்க மேடம்" என்று நான் முந்திக்கொண்டேன். தேஜஸ்ரீ என்ற பெண் என் மேஜை முன்னால் நின்று அழுதுவிட்டுப் போயிருந்தாள். ரங்கராஜை நாங்கள் காக்க வைத்த எட்டு வாரமும் அந்தப் பிள்ளைகளும் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க முத்தலிப். சார் இங்கயே உக்காந்து போடட்டும்."

"போட்டா நீட்டிப்புக் கெடைச்சுருமுங்களா?" என்றார் ரங்கராஜ்.

"போடுங்க. பேசலாமுங்க."

பதினொன்றிலும் போட்டார். பேனாவை மூடும்வரை மேடம் பொறுத்திருந்தார். பிறகு அவருடைய கோப்பை எடுத்து, 'நீட்டிப்பு தேவையில்லை' என்று எழுதி, அவர் படிக்கும்படி திருப்பி வைத்தார்.

"ஏமாத்திப்போட்டீங்களே மேடம்!"

"பேசலாம்னேன், பேசியாச்சுங்க. போய்ட்டு வாங்க சார்."

அவர் போனதும் காபி கொண்டுவந்து வைத்தேன். "நல்லாக் குடுத்தீங்க மேடம்" என்றேன்.

மேடம் சிரிக்கவில்லை. ஒவ்வொரு ஆய்வேடாக எடுத்து, மை காயாத அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்துக்கும் சேத்திக் கால் மணி நேரங்கூட ஆகலையே முத்தலிப்" என்றார்.