அக்கா தொடாத கம்பைலர்

சிவப்பு எழுத்தில் ஒரே ஒரு வரி. இந்த லைப்ரரி வேறொரு கம்பைலரில் உருவானது, படிக்க இயலாது என்று ஆங்கிலத்தில் அது சொன்னபோது அக்கா திரையைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தாள். போர்ட் பிளேரில் எங்கள் கடல் ஆய்வு அலுவலகத்தின் பொதுக் கிளஸ்டரை, பல கணினிகளை இணைத்த அந்தப் பெரிய இயந்திரத்தை, பராமரித்தவள் அவள். மாயாபந்தரிலிருந்து மீன்பிடிக்கப் போன அவள் வீட்டுக்காரரின் டிங்கி முந்தின நாள் திரும்பவில்லை.

மெயின்லேண்டில் போட்ட கணக்கு, தேட வேண்டிய இடத்தைப் பெரிய வட்டமாகக் காட்டியது. தீவுகளுக்கு நடுவே நெளியும் எங்கள் நீரோட்டங்கள் அதற்குத் தெரியாது. அவற்றையும் சேர்த்துப் பார்த்து, மிதந்து போகும் படகைத் தொடரும் புரோகிராம் ஒன்றை அக்கா எடுத்து வைத்திருந்தாள். அதற்குப் புதிய கம்பைலர் வேண்டும். அது துணைக்குக் கூப்பிடும் லைப்ரரிகளோ கிளஸ்டரில் பழையதில் கட்டியவை. மனிதன் எழுதுவதை இயந்திரம் ஓட்டக்கூடியதாக மாற்றித் தருவது கம்பைலர். அடியிலிருந்து மேல்வரை எல்லாம் ஒரே கம்பைலரில் கட்டியிருந்தால்தான் ஒன்றை ஒன்று அடையாளம் கண்டுகொள்ளும்.

"எல்லாருக்குமான கம்பைலரையே மாத்திடுங்கக்கா. பாஸ்வேர்டு உங்ககிட்டதானே இருக்கு? யாரு கேக்கப் போறா?" என்றேன்.

"காலையில அலைக் கணக்கு அதுலதான் ஓடுது தம்பி. அது நின்னுட்டா? அதைப் பாத்துட்டுத்தானே மத்த வீட்டு ஆம்பளைங்க டிங்கியை இறக்குறாங்க? பக்வாஸ் பண்ணாம உக்காரு."

தன் சொந்த ஃபோல்டரில் புதிய கம்பைலரை முதலிலிருந்து கட்டத் தொடங்கினாள். அதன்மேல் ஒரு லைப்ரரி, அதன்மேல் இன்னொன்று. ஒன்று பணிந்தால் அடுத்தது முறைத்துக்கொள்ளும். வேண்டியவை எல்லாம் இணையத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கின. மழை வந்தது, போனது, மறுபடி வந்தது. மாமியார் போன் செய்யும்போதெல்லாம், "இன்னும் கட்டிட்டிருக்கேன் அத்தே" என்பாள். என்ன கட்டுகிறாள் என்று அந்த அம்மா கேட்கவே இல்லை.

பல நாள் கழித்துப் புரோகிராம் ஓடிய பிற்பகலில் தேடுதலை நிறுத்திவிட்டிருந்தார்கள். திரையின் நீலத்தின்மேல், படகு மிதந்து போயிருக்கக்கூடிய இடங்களைக் காட்டும் புள்ளிகள் தீவின் வடமுனையைச் சுற்றி, கிழக்கே, யாரும் தேடாத பக்கமாக நகர்ந்து கலைந்தன. ஒரு புள்ளியை அக்கா விரலால் தொடர்ந்தாள்; விரல் திரையின் விளிம்பைத் தாண்டி, மேசைமேல் வந்து நின்றது. அவள் சொன்ன இடத்துக்கு ஒரு கப்பல் மறுபடி போய்ப் பார்த்தது. தண்ணீர் மட்டும்தான் இருந்தது. அந்த நாள்களில் ஒரு காலைகூட அலைக் கணக்கு தவறவில்லை.

இப்போது புதிய கிளஸ்டர். எதற்கு எந்தக் கம்பைலர் என்று அதுவே பார்த்து, அடுத்தவருடையதைத் தொடாமல், தனித்தனியாகக் கட்டிக்கொடுத்துவிடுகிறது. போன வாரம் அதே புரோகிராமை ஏற்றினேன். மேசையிலிருந்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. டம்ளரைத் தொடவே மனம் வரவில்லை.

வேலையை விட்டு மாயாபந்தரிலேயே இருக்கும் அக்கா அன்று மாலை போனில் பேசினாள். புது மெஷின் வந்தது அவளுக்கும் தெரிந்திருந்தது.

"நம்ம புரோகிராம் ஏத்திட்டியா? எவ்வளவு நேரம் ஆச்சு?"

"இப்பவும் அதே இழுப்புதாங்கக்கா. நாள்கணக்கா ஆகுது."



"ஜூட் போல்றே தம்பி, பொய்" என்றாள். பிறகு, மெதுவாக, "இன்னொரு வாட்டி சொல்லு."