ஒரு யூனிட் மின்சாரம்

இது நடந்தது. எனக்கே நடந்தது. பேய் வீடியோ போட்டு லைக் பொறுக்குகிற கூட்டத்தில் நான் இல்லை. இதைச் சொல்வதால் எனக்கு அவமானம்தான் மிச்சம். அதனால்தான் ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

திண்டிவனத்தில் எனக்குக் கார் ஏசி மெக்கானிக் கடை. பழைய ஜீப் ஒன்று வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ரோடே இல்லாத இடமாகத் தேடிப் போய்க் கூடாரம் போடுவேன். என் பெண்டாட்டி இந்தப் பழக்கத்துக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

போன வருஷம் மே மாதம், வண்டியில் வைக்கிற சின்ன ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கினேன். அதை ஓட்ட நானே பேட்டரி செல்கள் வாங்கி ஒரு பேட்டரிப் பெட்டி கட்டினேன். முழுசாக சார்ஜ் ஏற்றினால் ஒரு யூனிட் மின்சாரம் பிடிக்கும். ஃபிரிட்ஜுக்கு ஒரு சாக்கெட். வீட்டுச் சாமான் ஓட்டுவதற்கு 230 வோல்ட் சாக்கெட் தனி. அதை ஆன் செய்தால் பச்சை விளக்கு எரியும். எத்தனை வாட் போகிறது என்று சின்னத் திரையில் தெரியும். இருபத்து நாலு மணி நேரம் ஃபிரிட்ஜ் தாங்குகிறதா என்று டெஸ்ட் பண்ண வேண்டும், ஜீப் நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு மார்தட்ட வேண்டும். அவ்வளவுதான் என் லட்சியம். ஃபிரிட்ஜுக்குள் இருந்தது ஆறு பீர், அரைக் கிலோ வஞ்சிரம்.

பிரம்மதேசம் தாண்டி ஒரு வறண்ட ஏரி. ஊர்ப் பெயர் வேண்டாம். சாயங்காலம் ஐந்தரைக்கு வேலிக்காத்தான் புதர்களுக்கு நடுவே ஜீப்பை நிறுத்தினேன். ஆறு மணிக்குக் கண் திறக்க முடியாத புழுதிக்காற்று. எங்கோ கம்பம் சாய்ந்திருக்க வேண்டும். தூரத்தில் தெரிந்த விளக்குகள் மொத்தமாக அணைந்தன. கரைக்கு அந்தப் பக்கம், அரைக் கிலோமீட்டரில் ஒரு காலனி. அதுவும் இருண்டது.

7:52. சருகு மிதிபடும் சத்தம். சின்னச் சின்னதாக... ரொம்ப நெருக்கமான அடிகள். டார்ச் அடித்தேன்.

ஐம்பது வயதிருக்கும், ஒரு அம்மா. புதுப் புடவை. பல்வலிக்காரர்கள் மாதிரி தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தார். இரண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டிப் போட்டதுபோல, சாண் சாணாக நடந்து வந்தார். அந்த நேரத்தில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

"தம்பி... பெட்டிக்கு கொஞ்சம் கரண்ட்டு குடுப்பா."

பிணம் வைக்கிற ஐஸ் பெட்டியைச் சொல்கிறார் என்று புரிந்தது.

"யாரு தவறிட்டாங்க?"

"எம் புள்ள குவைத்துலேர்ந்து வந்துகினு கீறான். மொகத்தப் பாக்கணும்னு போன்ல அழுவுறான். காலையில வரைக்கும் தாங்கணும்."

"ஊருல ஜெனரேட்டர் இருக்குமே?"

"கேட்டாச்சி. காலனிக்குத் தர மாட்டாங்களாம்."

என் முதுகுக்குப் பின்னால் பேட்டரிப் பெட்டியின் திரை பளிச்சென்று எரிந்தது. 92 சதவீதம் சார்ஜ். அந்த அம்மா அதைப் பார்த்தார். கொடுத்தால் என் டெஸ்ட் போச்சு.

"அவ்ளோ தூரத்துக்கு வயர் இல்லம்மா."

"வயரு வாணாம்பா. நீ சரின்னு சொன்னா போதும்."

மூளை கலங்கியவர் என்று நினைத்தேன். ஆள் ஒழிந்தால் போதும் என்றிருந்தது. கேட்டு வந்தவரை விரட்ட நாம் எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்.

"சரி சரி, போங்க. பாக்கலாம்."

சிரித்தார். உதடு பிரியவில்லை. அதே சாண் நடையில் இருட்டுக்குள் போய்விட்டார்.

8:05. டிக்.

சாக்கெட்டின் பச்சை விளக்கு எரிந்தது. நான் தொடவில்லை. திரையில் 180 வாட். அந்த சாக்கெட்டில் எதையும் சொருகவே இல்லை.

அணைத்தேன். டிக்... எரிந்தது. மறுபடி அணைத்தேன். டிக்.

ஷார்ட் ஆகியிருந்தால் சூடாக இருக்குமே என்று தொட்டேன். ஐஸ் மாதிரி சில்லிட்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம். ங்ங்ங்ங்... கம்ப்ரஸர் ஓடும் சத்தம். இருபது வருஷமாக அதோடு குப்பை கொட்டுகிறவன், எனக்குத் தெரியாதா? என் ஃபிரிட்ஜ் சத்தம் இல்லை அது. காலனிப் பக்கமிருந்து வந்தது. அரைக் கிலோமீட்டர் தாண்டி வந்து காதுக்குள் ஓடியது.

9:30. 61 சதவீதம்.

10:45. 35.

பயத்தைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகம். என் கரண்ட். என் டெஸ்ட். இதை எழுதும்போது என் மூஞ்சியில் நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

11:38. 16 சதவீதம். ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். பெட்டி மூடியைத் திறந்தேன். மெயின் ஃபியூஸில் விரல் வைத்தேன்.

பின்னால் சருகு...

சின்னச் சின்னதாக...

"சரின்னு சொன்னியேப்பா."

நான் திரும்பவில்லை.

11:40. பிடுங்கினேன்.

ங்ங்ங்...

நின்றது.

விடியும்வரை ஜீப் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே போக ஒரே வழி காலனித் தெரு. 7:10-க்கு அங்கே போனபோது பந்தல் போட்டு வழியை அடைத்திருந்தார்கள். பந்தல் காலில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். அமலா என்று பெயர். அதே முகம். தாடையில் துணி மட்டும் இல்லை.

ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிற பெரியதம்பி என் கடைக்கு வந்து போகிறவர். என்னைப் பார்த்ததும் ஜீப் பக்கம் ஓடி வந்தார்.

"நேத்து காலையில தவறிட்டாங்க. ஆறு மணிக்கு கரண்ட்டு பூட்ச்சி. அவ்ளோதான்னு வுட்டுட்டோம். எட்டு அஞ்சிக்கு பெட்டி தானா ஓட ஆரம்பிச்சிச்சிங்க... பிளக்கு என் கையில கீது, பெட்டி ஓடிக்கினு கீது. எல்லாரும் முட்டி போட்டு ஜெபம் பண்ணிக்கினு இருந்தாங்க."

"எப்ப நின்னுச்சு?" தெரிந்தே கேட்டேன்.

"பதினொன்னு நாப்பது. அப்புறம் இந்த புழுக்கத்துல... மொகம் அடையாளமே தெரியல. சவப்பெட்டியில மாத்தி ஆணி அடிச்சிட்டோம். பையன் இப்பதான் வந்து எறங்கனான்."

மகன் ராயப்பன் மண்ணில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பை. விமான நிலையத்தில் ஒட்டிய சீட்டு அதில் அப்படியே இருந்தது. அவன் அழவில்லை. என் ஜீப்பின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து வந்து பேட்டரிப் பெட்டியைத் தொட்டான்.

"ராத்திரி ஏரியில லைட்டு தெரிஞ்சிதுன்னாங்க. நீங்கதானாண்ணா?"

தலையாட்டினேன்.

"இதுல பெட்டி ஓடியிருக்கும் இல்ல?"

பெட்டியிலிருந்து கையை எடுக்காமலே கேட்டான்.

"எங்க வூட்லேர்ந்து ஒருத்தரும் வந்து கேக்கலியாண்ணா?"

"யாரும் வரலப்பா" என்றேன்.

அவன் திரும்பி, பந்தலுக்குள் இருந்த சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்.