சயனைடு மேட்டுக் கடற்கரை

பெங்களூர் சில்க் போர்டு சிக்னலில் எங்கள் அலுவலக கேப் வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் புதிதாக ஒரு வாசனை டப்பா மாட்டியிருந்தார். நீல நிறம், மேலே ஓர் அலையின் படம். சோப்புத் தண்ணீரில் வெள்ளரிக்காயை ஊறப்போட்ட மாதிரி ஒரு நெடி. அதுதான் கடல் வாசனையாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த திவ்யாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. அடுத்த லாங் வீக்கெண்டுக்குத் தானும் பி.ஜி. விடுதித் தோழிகளும் போகப்போகும் கடற்கரையைப் போனில் தேட ஆரம்பித்துவிட்டாள். சேலத்துப் பெண். எதையும் வாய்விட்டுத்தான் படிப்பாள்.

"இத கேளுப்பா, எவன் எழுதினானோ, செமையா எழுதியிருக்கான். 'வெயில் இறங்கிய பிறகும் மணல் நெடுநேரம் சூட்டை விடாது. செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். இப்போதுதான் யாரோ உட்கார்ந்து எழுந்துபோன இடம் போலிருக்கும்.'"

எவனும் எழுதவில்லை. நான்தான் எழுதினேன்.

பெருமையடித்துக்கொள்ள வாய் வரை வந்தது. ஆனால் ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது? அதை எழுதிய நாளில் நான் கடலையே பார்த்ததில்லை என்று சொல்ல வேண்டும். அது கடற்கரை மணலே இல்லை என்றும் சொல்ல வேண்டும். ஒரு சிக்னலுக்குள் முடிகிற கதையா அது, சில்க் போர்டு சிக்னலாகவே இருந்தாலும்? சும்மா தலையாட்டி வைத்தேன். உங்களிடம் சொல்கிறேன்.

கல்லூரி முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. விடுமுறைப் பயணங்கள் விற்கிற ஒரு சின்ன கம்பெனி, ஒரு பேக்கரியின் மாடியில். கீழே தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் வேகிற வாசனையில்தான் நான் கடலைப் பற்றி எழுதக் கற்றுக்கொண்டேன். அந்த ஆபீசில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் என்பதால் கிழக்குக் கடற்கரை முழுவதும் என் தலையில் வந்து விழுந்தது. மேனேஜர் மகேஷுக்கு ஓர் ஊர் என்றால் அதில் 'பாயிண்ட்' இருக்க வேண்டும். கலங்கரை விளக்கம் ஒரு பாயிண்ட். இடிந்த கோட்டை ஒரு பாயிண்ட். அலையாத்திக் காட்டுக்குள் படகு, குதிரை சவாரி, மீன் வறுவல், சிப்பியில் பெயர் எழுதித் தருகிற கடை என்று தேடித் தேடிச் சேர்ப்பேன். "பாயிண்ட் எஷ்டாச்சும்மா?" என்று எண்ணிக்கை கேட்டபடி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். ஒன்றுமே இல்லாத ஊருக்கு சன்ரைஸ் பாயிண்ட். சூரியன் எந்த ஊரிலும் உதிக்காமல் இருப்பதில்லையே.

வெறி பிடித்ததுபோல் எழுதினேன். சாட்டிலைட் மேப்பில் கரையோரமாக விரலை ஓட்டிக்கொண்டே போவேன். எந்தத் திருப்பத்தில் டீக்கடை, எந்த ஊரில் கோயில் கோபுரம் தெரியும் என்பதெல்லாம் மனப்பாடம். ஒரு தடவை, பொன்னிறச் சூரியன் மெல்ல மெல்லக் கடலுக்குள் இறங்கி மறைவதை நெஞ்சுருக எழுதிவிட்டேன். கிழக்குக் கடற்கரையில்! கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். "யம்மா, நான் இங்கயே பொறந்து வளந்தவன். எங்க ஊர்ல சூரியன் பஸ் ஸ்டாண்டு பக்கமாத்தான் மறையுது. நீங்க எந்தக் கடலச் சொல்றீங்க?"

எந்தக் கடலை? கோலார் தங்கவயலில் எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் இருந்த கடலைத்தான் சொன்னேன்.

தங்கவயல்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்காக: சுரங்கத்திலிருந்து ஏற்றிய பாறையைப் பொடியாக அரைத்து, சயனைடு கலந்து தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய மண்ணைக் கொட்டுவார்கள். கொட்டிக் கொட்டி அது குன்று குன்றாக எழுந்து நின்றது. சாம்பலும் வெள்ளையும் கலந்த நிறம், புல் முளைக்காது. பெயரே சயனைடு மேடு. அம்மாக்கள் போகாதே என்பார்கள். நாங்கள் அரிசிச் சாக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவோம். உச்சியிலிருந்து சாக்கில் உட்கார்ந்து சறுக்கினால் கீழே வரும்போது பல்லுக்கிடையில் மண் நறநறக்கும். ஆடிக்காற்றில் அந்த மண் கிளம்பி வந்து சோற்றிலும் விழும். சாயங்காலம் ஆகிவிட்டால் எல்லாம் அடங்கி, மேடு மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். அப்பா வந்து கூப்பிடுவார். கூப்பிட வந்தவர் தானும் உட்கார்ந்துவிடுவார். மூடிய சுரங்கத்தின் இரும்புச் சக்கரத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கும்.

அப்பாவும் கடலைப் பார்த்ததில்லை. பூமிக்கு அடியில் அவ்வளவு ஆழம் போய் வந்தவர், கடலுக்குப் போகவில்லை. எங்கள் லைனில், வரிசையாகக் கட்டிய அந்தத் தொழிலாளர் வீடுகளில், கிறிஸ்தவக் குடும்பங்கள் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்குப் போய்வரும். நாங்கள் பௌத்தக் குடும்பம். புத்தருக்குக் கடற்கரையில் திருவிழா எதுவும் கிடையாது, என்ன செய்வது? பக்கத்து வீட்டு ஆரோக்கியம் மாமா ஒரு வருடம் பழைய எண்ணெய் பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். அப்பா விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா, ரசத்துல உப்பு தூக்கலா கீது" என்றார். லைனே சிரித்தது. கேப்பில் அந்த நீல டப்பாவை முகர்ந்தபோது எனக்கு அந்த பாட்டில்தான் நினைவுக்கு வந்தது. அதில் எண்ணெய்ச் சிக்கும் ஏதோ அழுகலும் கலந்த ஒரு வாடை அடித்தது. அதை எந்தக் கம்பெனியும் டப்பாவில் அடைத்து விற்காது.

சுரங்கத்தை மூடிய பிறகு அப்பா விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வந்து ஓர் அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி வேலை பார்த்தார். பிறகு எல்லோருமாக ஸ்ரீராம்புரத்தில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிவந்தோம். அப்போதே சுரங்கத் தூசியால் நெஞ்சு மோசம். படியேறும்போது பாதியில் நின்று, சுவரில் என்னவோ எழுதியிருப்பதுபோல் உற்றுப் படிப்பார். சுவரில் ஒன்றும் இருக்காது. நாங்களும் அவர் படித்து முடிக்கும்வரை காத்திருப்போம்.

நான் எழுதிய முதல் பக்கம் வெளியானதும் வீட்டுக்கு ஓடிவந்து அவருக்குப் படித்துக் காட்டினேன். அந்த மணல் வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னாம்மா இது, நம்ம மேட்டத்தானே எழுதி வச்சிக்கிற?"

"கடல் மணலும் அப்படித்தாம்பா இருக்கும்."

"பாத்தியா நீ?"

"படத்துல பாத்தேன்."

"படத்துல சூடு தெரியுமாடி?" என்றவர், தொடர்ந்து சொன்னார்: "ஒருவாட்டி அங்க போயி உக்காந்து பாத்துட்டு வரணும். அப்படி கீதா இல்லியான்னு."

அதன் பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை. கம்பெனியில் வருடத்துக்கு ஒரு பயணம் இலவசம். ஆனாலும் எனக்குத்தான் எதையும் அள்ளிப் போட்டுக்கொண்டு செய்கிற குணமாயிற்றே, இன்னும் இரண்டு ஊர் எழுதிவிட்டுப் போகலாம், மழை விடட்டும், வெயில் குறையட்டும் என்று ஒரு வருடத்தை ஓட்டிவிட்டேன். அதற்குள் அப்பா மூக்கில் குழாயோடு இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்துவிட்டார். டாக்டரிடம் கேட்டேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "போறதுன்னா இப்பவே போயிட்டு வந்துடுங்க" என்றார்.

அம்மா வரவில்லை. "கடலா? நம்ம தெருவுக்கு லாரித் தண்ணியே வரல. நீங்க போயி பாத்துட்டு வாங்க, நான் குடத்துக்குக் காவல் இருக்கேன்."

அந்த மணல் வரி எந்த ஊருக்கு எழுதியதோ அங்கேயே போனோம். ஊர்ப் பெயர் வேண்டாம். புதுச்சேரிக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ், பிறகு ஆட்டோ. ஆட்டோவிலேயே நான் சுற்றுலா வழிகாட்டியாகிவிட்டேன். "இப்ப ஒரு வளைவு வரும்பா, அதுல பச்சைப் பள்ளிவாசல்." வந்தது. "இப்ப கலங்கரை விளக்கம்." வந்தது. அப்பா ஆட்டோக்காரரிடம், "எம் பொண்ணு இந்த ஊருக்கு வந்ததே இல்ல, தெரியுமா?" என்று சொல்லிச் சொல்லி மூச்சு வாங்கினார்.

எங்களுக்கு அறை ஒதுக்கியிருந்த விடுதியில் செல்வம் என்ற பையன்தான் மேனேஜர், சமையல், எல்லாம். பையைக்கூட வைக்காமல் மணல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"மணலா? மணலு போன ஐப்பசியிலயே போயிட்டுதே மேடம். கம்பெனில சொல்லலியா?"

கம்பெனியில் சொல்ல வேண்டிய ஆளே நான்தான்.

தெரு முடிகிற இடத்தில் சிமெண்ட் படிகள் இருந்தன. படத்தில் நான் நூறு தடவை பார்த்த படிகள். அவை இறங்கிப்போய் அந்தரத்தில் நின்றன. அதற்குக் கீழே கரை நெடுகக் கருங்கற்கள், ஒவ்வொன்றும் ஒரு மாட்டின் அளவு. லாரி லாரியாகக் கொண்டுவந்து குவித்த மாதிரி கிடந்தன. கடல் அந்தக் கல்லில்தான் மோதிக்கொண்டிருந்தது. பக்கத்தில் 'சன்ரைஸ் பாயிண்ட்' என்ற போர்டு சாய்ந்து நின்றது. அப்பா அந்த போர்டின் எதிரில் நின்று, அந்த இரண்டு வார்த்தையை ரொம்ப நேரம் படித்தார்.

கல்லில் ஏறி இறங்கிப்போக அவரால் முடியாது. செல்வம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து ரோட்டோரத்தில் போட்டான். அப்பா உட்கார்ந்தார். முதன்முதலாகக் கடலைப் பார்க்கிறவரின் முகத்தில் என்னென்னவோ வரும் என்று நான் நினைத்து வைத்திருந்தேன். போனில் கேமராவைக்கூடத் திறந்து வைத்திருந்தேன், வெட்கமாக இருக்கிறது. பெரிய அலை ஒன்று வந்து கல்லில் அடித்தது. காலுக்கடியில் ரோடு அதிர்ந்தது. அப்பா சட்டென்று நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டார்.

"கீழ யார்னா கீறாங்களா?"

எனக்குப் புரிந்தது. செல்வத்துக்குப் புரியவில்லை. சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால் மேலே லைன் வீடுகளில் தரை இப்படித்தான் அதிரும். அலமாரியில் பாத்திரம் உருளும். யாருடைய வீட்டுக்காரர் அந்த ஷிப்டில் இருக்கிறார் என்று பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். அம்மா ஓடியிருக்கிறார். அம்மா ஓடிய நாட்களில் அப்பா கீழே இருந்திருக்கிறார்.

"கீழ யாரு சார் இருக்கா? வீடுங்கதான் இருந்துச்சு," என்றான் செல்வம். "எங்களுதும் ரெண்டு ரூமு. இப்பப் பள்ளிக்கொடத்துக்குப் பின்னால ஷீட்டு போட்டுக் குடுத்திருக்காங்க. அப்பா வலைய வித்துட்டாரு, படக ஏத்திவைக்கவே எடமில்லியே."

"மணலு எங்கதான் போச்சு?" என்று கேட்டார் அப்பா.

"வடக்கால போயிட்டதா சொல்றாங்க சார். துறைமுகத்துக்காகக் கடலுக்குள்ள கல்லு போட்டாங்க, அதுலேர்ந்துதான். இனிமே வராதாம்."

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்கக் கொஞ்ச நேரமானது. "நம்ம ஊர்ல ஒரு மலையே சும்மா கீது தம்பி. வேணும்னா தூக்கினு வந்து இங்க கொட்டிக்கச் சொல்லு." பிறகு ஒவ்வொரு அலைக்கும் நாற்காலியை இறுக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியதும், "போலாம்மா, அதிருது" என்றார். அவர் எழுந்த பிறகு நாற்காலியை நான்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன். அதில் இன்னும் அவருடைய சூடு இருந்தது.

திரும்பி வந்ததும் மகேஷிடம் சொன்னேன், அங்கே மணல் இல்லை, பக்கத்தை எடுத்துவிடலாம் என்று. "பர்வாகில்லா, போட்டோ மட்டும் சேஞ்ச் மாடு" என்றார், படத்தை மாற்றினால் போதுமாம். கெட்ட மனிதர் இல்லை. அவருடைய சம்பளமும் அப்போது நின்றிருந்தது. சில மாதங்களில் கம்பெனியே இல்லாமல் போனது. மாடி இப்போது நீட் கோச்சிங் சென்டர், பேக்கரி போன இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். நான் எழுதிய பக்கங்களை மட்டும் யார் யாரோ எடுத்துத் தங்கள் தளங்களில் போட்டுக்கொண்டார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் அப்பா போய்விட்டார். தங்கவயலில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்றார் அம்மா. எல்லாம் முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போனபோது நான் மட்டும் மேட்டை நோக்கி நடந்தேன். சுற்றிலும் கம்பி வேலி. அந்த மண்ணில் மிச்சத் தங்கம் இருக்கிறதாம், ஏலம் விடப்போகிறார்களாம், மேட்டையே வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. கேட்டில் இருந்த காவலாளி அப்பா வயதுக்காரர். "உள்ள உடக்கூடாதும்மா, ஆர்டர் கீது" என்றார். வற்புறுத்தினால் விட்டிருப்பாரோ என்னவோ. அந்தக் காவலாளிச் சட்டையை அப்பாவும் அத்தனை வருடம் போட்டவர். நான் கேட்கவில்லை.

சிக்னல் விழுந்தது. கேப் மேம்பாலத்தில் ஏறியது. திவ்யா இன்னும் போனில்தான் இருந்தாள்.

"ரூம் போட்டுறட்டா? நீயும் வர்றியா?"

"அங்க மணல் கிடையாதுடி."

"எழுதியிருக்கே!"

"எழுதினது அந்த ஊரு மணலே இல்ல."

"அப்ப என்னதான் இருக்கு?"

"கல்லு இருக்கு," என்றேன். "ரோட்டோரமா உக்கார நாற்காலி போடுவாங்க."

நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த கடற்கரையைத் திறந்து, வேறு மாநிலம், வேறு கடல், முதல் வரியை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். வெயில் இறங்கிய பிறகும் மணல் நெடுநேரம் சூட்டை விடாது.