வாய்க்கால் பாதையில் நாலு மைல்

மகேந்திரராஜா மெல்பேர்னில் கார் ஓட்டும் பரீட்சையில் நாலு தரம் தோற்றவர். இத்தனைக்கும் அவர் பெரிய பிழை எதுவும் விட்டதில்லை. ஒவ்வொரு குறுக்குத் தெருவிலும் நிறுத்தி, வாகனம் வருகிறதா என்று பார்த்து, வராவிட்டாலும் வரக்கூடும் என்று காத்திருந்தார், அவ்வளவுதான். நாலாவது தரம் பரீட்சகர் ஒரு டிராம் தரிப்பிடத்தைக் கண்டதும் காரை ஓரங்கட்டச் சொல்லி, "மன்னிக்கவும், எனக்கு மத்தியானம் வேறு வேலை இருக்கிறது" என்று இறங்கிப் போய்விட்டார்.

அதன்பிறகு மகேந்திரராஜா ஒரு பழைய ரலி சைக்கிளை வாங்கினார். பொறியியல் கம்பனியொன்றில் படம் வரைபவர் என்பதால் எதையும் அளந்து செய்கிற மனிதர். சைக்கிளுக்கு முன்விளக்கு, பின்விளக்கு, இரண்டு கண்ணாடிகள், 'டிங்-டொங்' என்று இரட்டைக் குரலில் அடிக்கிற தேங்காய்ப்பாதி அளவு மணி எல்லாம் பூட்டினார். கிளேட்டன் தெருக்களில் ஒவ்வொரு மூலைக்கும் மூன்று தரம் மணியடித்துத்தான் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அயலவர்கள் யன்னலைச் சாத்திவிடுவார்கள்.

கந்தோரில் அவருக்குப் பக்கத்து மேசைக்காரன் ஒரு நாள் சொன்னான்: "நீ மரே ஆற்றங்கரைக்குப் போ. சுவான் ஹில்லுக்கு ரயில் இருக்கிறது. அங்கேயிருந்து வாய்க்கால் ஓரமாக வைன் தோட்டங்களுக்கு நடுவே பாதை போகிறது. மேசை மாதிரித் தட்டை. ஒரு வாகனம் கிடையாது."

ஒரு வாகனம் கிடையாது. அந்த மூன்று வார்த்தைகள் மகேந்திரராஜாவின் தூக்கத்தைக் கெடுத்தன. 1977 மார்ச்சில் ஒரு நீண்ட வார இறுதிக்கு, மூன்று நாளில் அறுபது மைல் என்று திட்டம் போட்டுப் படமும் கீறிவிட்டார். தண்ணீர் குடிக்க நிற்கும் இடங்கள் சிவப்பு மையில். இளைப்பாறும் இடங்கள் பச்சை மையில்.

மனைவி சிவனேஸ்வரிக்கு ஜாம் தொழிற்சாலையில் பழம் வெட்டுகிற பிரிவில் வேலை. சைக்கிள் ஓடத் தெரியாது.

"ரெண்டு கிழமையிலை பழக்கிறன்" என்றார் மகேந்திரராஜா.

பள்ளிக்கூட மைதானத்தில் அவர் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினார். "முன்னுக்குப் பாரும்! காலைப் பாக்காதையும்! பயப்பிடாதையும்!"

"நான் பயப்பிடேல்லையப்பா. நீங்கள் விட்டால் நான் போவன்."

அவர் விட்டார். அவள் போனாள். மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தபோது அவர் புல்லில் குந்தியிருந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை ரயிலின் சாமான் பெட்டியில் இரண்டு சைக்கிள்களும் ஏறின. சனிக்கிழமை காலை சுவான் ஹில்லிலிருந்து புறப்பட்டார்கள். சிவனேஸ்வரி பழைய துணிக் கடையில் வாங்கிய நீளக் காற்சட்டைக்கு மேலே சேலையை முழங்காலளவில் சொருகியிருந்தாள். அவளுடைய பையில் பிட்டும், சம்பலும், ஒரு இறாத்தல் தேயிலையும், இரண்டு தகரப்பேணி ரின்பாலும். "போற இடத்திலை தேத்தண்ணி எப்பிடியிருக்குமோ தெரியாது" என்று அவளுக்குப் பயம். அவளுக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

கந்தோர்க்காரன் பொய் சொல்லவில்லை. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய வரை வைன் பிழியும் முந்திரிகைக் கொடி வரிசைகள். கறுத்த குலைகள் இலைக்குள்ளே தொங்கின. பாதையில் ஒரு குழி இல்லை, ஒரு மேடு இல்லை. சத்தமும் இல்லை. தன்னுடைய சங்கிலி சுற்றுகிற சத்தம் கேட்கிற அளவுக்கு அமைதி.

முதல் மைல் மகேந்திரராஜாவுக்குச் சொர்க்கமாக இருந்தது. இரண்டாவது மைலில் கழுத்துக்குப் பின்னால் ஏதோ கூசியது. மெல்பேர்னில் ஆபத்து எங்கேயிருந்து வரும் என்று தெரியும். இங்கே அது எங்கே ஒளிந்திருக்கிறது என்றே தெரியவில்லை. மூன்றாவது மைலில் அவரால் தாங்க முடியவில்லை. கொடி வரிசை ஒன்று முடிகிற இடத்தில் மணியை அடித்தார். டிங்-டொங். அடுத்த வரிசை முடிவிலும் அடித்தார். மனம் கொஞ்சம் ஆறியது.

அப்போதுதான் கொடிகளுக்கு நடுவே ஆட்கள் குலை வெட்டுவது தெரிந்தது. பெரும்பாலும் இத்தாலியர், பெண்களும் ஆண்களும். அவர் மணியடித்ததும் வாளிகளைக் கீழே வைத்துவிட்டு, கொடி நிழலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். இன்னொரு தரம் அடித்தார். அடுத்த வரிசையும் உட்கார்ந்தது. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி அவருக்கு ஆட்டினார்.

"என்னப்பா, எல்லாரும் ஏன் இருக்கினம்?" என்று பின்னாலிருந்து சிவனேஸ்வரி கேட்டாள்.

"எங்களைப் பாக்கத்தான். மரியாதை தெரிஞ்ச சனம்." மகேந்திரராஜா நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கையை உயர்த்தி அசைத்தபடி, பதினொரு வரிசைகளுக்கும் தவறாமல் மணியடித்துக்கொண்டு போனார்.

"எனக்கெண்டால் இது நல்லதாப் படேல்லை."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, முன்னால் புழுதி கிளம்பியது. அறுபது மைலிலும் கிடையாது என்று சொன்ன அந்த வாகனம், பின்பக்கம் திறந்த பழைய யூட் ஒன்று, ஹோர்ன் அடித்தபடி நேரே அவரை நோக்கி வந்தது. மகேந்திரராஜா நிறுத்தினாரா, திருப்பினாரா என்று அவருக்கே பிறகு ஞாபகமில்லை. சைக்கிளோடு வாய்க்காலில் இருந்தார். தண்ணீர் இடுப்பளவு. கீறிய படம் முன்னால் மிதந்து போய்க்கொண்டிருந்தது. சிவப்பு மையும் பச்சை மையும் ஒன்றாகக் கரைந்துகொண்டிருந்தன.

யூட்டிலிருந்து குதித்தவர் தோட்டத்துச் சொந்தக்காரர் லெஸ். சிவந்த மனிதர், அப்போது இன்னும் சிவந்திருந்தார். "யாரடா உன்னை மணியடிக்கச் சொன்னது?"

விஷயம் பிறகுதான் விளங்கியது. அந்தத் தோட்டத்தில் லெஸ்ஸின் மனைவி மேவிஸ் பத்து மணிக்குச் சைக்கிளில் வந்து, மணியடித்துத்தான் எல்லாரையும் காலைத் தேநீருக்குக் கூப்பிடுவாள். அவளுடைய சைக்கிளிலும் இரட்டைக் குரல் மணி. இப்போது நேரம் ஒன்பது மணி. மேவிஸ் இன்னும் தண்ணீர்கூடக் கொதிக்க வைக்கவில்லை. நாற்பது பேர் நிழலில் உட்கார்ந்து கோப்பைகளை எடுத்து வைத்திருந்தார்கள்.

"எழும்புங்கள், இது பிழையான மணி!" என்று லெஸ் கத்தினார்.

அசுந்தா என்ற பருத்த அம்மாள், வெட்டுகிறவர்களுக்குத் தலைவி போலிருந்தவள், கைகளைக் கட்டிக்கொண்டாள். "மணி மணிதான், லெஸ். தேநீர் வந்தால் எழும்புவோம்."

மகேந்திரராஜா விறைத்துப்போனார். அது தண்ணீரால் மட்டுமல்ல. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் நாற்பது வாகனங்களை ஒரே நேரத்தில் நிறுத்தியதைப் போலிருந்தது. "ஐ ஆம் வெரி சொறி" என்று வாய்க்காலுக்குள்ளிருந்து ஆறு தரம் சொன்னார். சிவனேஸ்வரி ஒரு தரமும் சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு யூட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"குசினி எங்கை?" என்று தமிழிலேயே கேட்டாள். லெஸ் எப்படி விளங்கிக்கொண்டாரோ, வண்டியைத் திருப்பினார்.

அரை மணித்தியாலத்தில் அவளும் மேவிஸும் பெரிய பாத்திரத்தோடு வந்து இறங்கினார்கள். இறாத்தல் தேயிலையில் பாதியும் ரின்பால் இரண்டும் அதற்குள் இருந்தன. அசுந்தா ஒரு மிடறு குடித்துக் கண்ணை மூடினாள். பிறகு இரண்டாவது கோப்பை கேட்டாள். "இனி இந்த மணிக்குத்தான் உட்காருவோம்" என்று அறிவித்தாள். லெஸ்ஸும் வேண்டாவெறுப்பாகக் குடித்தார், கோப்பையை வழித்தார்.

போன நேரத்துக்கு ஈடாகத் தாங்களும் குலை வெட்டுவதாக மகேந்திரராஜா சொன்னார். லெஸ் வேண்டாமென்றார், மகேந்திரராஜா விடவில்லை. ஈரக் காற்சட்டையோடு ஒரு கத்தரியை வாங்கிக்கொண்டு இறங்கினார். ஒவ்வொரு குலையையும் கையில் ஏந்தி, காம்பு எங்கே முடிகிறது என்று பார்த்து, நேராக வெட்டி, இலையைத் தட்டி, வாளியில் அடுக்கினார். மத்தியானத்துக்குள் மூன்று வாளி. பக்கத்து வரிசையில் சிவனேஸ்வரி பத்தொன்பது.

"பழம் வெட்டிப் பழகின கைதானே" என்றாள் அவள்.

"நீர் அடுக்காமல் போடுறீர்."

"பிழியப்போற பழத்தை ஏனப்பா அடுக்கிறது?"

அவர் அடுத்த குலையையும் அடுக்கினார். பின்னேரம் லெஸ் இருவருக்கும் கொட்டகையில் பீப்பாயிலிருந்து இனிப்பு வைன் ஊற்றிக் கொடுத்தார். மகேந்திரராஜா தொடமாட்டார். சிவனேஸ்வரி நாக்கில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "இருமல் மருந்து" என்றாள். சிறிது நேரத்துக்குப் பிறகு, லேசாக இருமிவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

மிச்ச இரண்டு நாளும் அவர்கள் அங்கேதான். அறுபது மைல் திட்டத்தில் நாலு மைல்தான் ஓடி முடிந்தது. அடுத்த மார்ச்சில் லெஸ்ஸிடமிருந்து சிவனேஸ்வரிக்குக் கடிதம் வந்தது, அவளுக்குத்தான், அவருக்கல்ல. ஜாம் தொழிற்சாலையில் லீவு எடுத்துக்கொண்டு போனாள். அதற்கிடையில் அவள் கார் லைசன்ஸும் எடுத்திருந்தாள், முதல் தரத்திலேயே. பரீட்சை நாளில் கணவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

1979 அறுவடையில் கொட்டகைப் பொறுப்பு முழுவதும் அவளிடம் வந்தது. நாற்பது பேரும் அவளை 'மிஸிஸ் எம்' என்று கூப்பிட்டார்கள். கூடப் போன மகேந்திரராஜாவுக்குக் கத்தரி கொடுக்க எல்லாரும் மறந்துபோனார்கள், அவரும் ஞாபகப்படுத்தவில்லை. ஒரு வியாழக்கிழமை தண்ணீர்ப் போத்தலை மட்டும் எடுத்துக்கொண்டு, வாய்க்கால் ஓரமாகத் தனியே புறப்பட்டு, பாதை ஆற்றில் போய் முடிகிற இடம் வரை ஓடினார். சிவப்பு யூக்கலிப்டஸ் மரங்களுக்குக் கீழே மரே அசையாமல் கிடந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிட்டத்து நோவோடு திரும்பி வந்தார். மூக்கு வெயிலில் சிவந்திருந்தது. முகத்தில் அப்படியொரு பிரகாசம்.

"ரெண்டு கூழைக்கடா பாத்தனான்" என்றார் சிவனேஸ்வரியிடம். "போக வர இருவத்தாறு மைல். ஒரு மனுசக் குஞ்சு எதிர்ப்படேல்லை."

"அப்ப இவ்வளவு நேரமும் ஆரோடை கதைச்சனீங்கள்?"

"என்னோடைதான்."

"அதுதான் பொழுதுபட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு, அவள் அவருடைய தேத்தண்ணியைச் சூடாக்கப் போனாள்.